மெல்லிய ஆட்டோமேடிக் வாட்ச்: ஒரு மில்லிமீட்டரைக் குறைக்க எதையெல்லாம் விட வேண்டும்?

‘உலகிலேயே மெல்லிய கைக்கடிகாரம்’ என்ற தலைப்பு சில வருடங்களாகத் திரும்பத் திரும்ப வருகிறது. 2018-இல் பியாஜே என்ற ஸ்விஸ் கம்பெனி 2 மில்லிமீட்டரில் ஒன்றைக் காட்டியது. 2022-இல் புல்காரி 1.80 என்றது, அதே வருடம் ரிச்சர்ட் மில் 1.75 என்றது. 2024-இல் புல்காரி 1.70-க்கு இறங்க, ரஷ்யக் கடிகாரக் கலைஞர் கான்ஸ்டான்டின் சாய்கின் 1.65-இல் ஒன்றைச் செய்து வைத்தார். இவை போக, 2017-இல் 5.15 மில்லிமீட்டர் வாட்ச் ஒன்றும் 2018-இல் 3.95 மில்லிமீட்டர் வாட்ச் ஒன்றும் கிட்டத்தட்ட இதே பட்டத்தோடு செய்தியில் வந்தன. 2 மில்லிமீட்டரில் ஒன்று வந்த அதே வருடத்தில் 3.95 எப்படிச் சாதனை ஆகும் என்று குழம்புவது நியாயம்தான்.

குழப்பத்தைக் கூட்டுவதற்கு நம் ஓசூர் தயாரிப்பான டைட்டன் எட்ஜ் வேறு இருக்கிறது. 2002-இல் வந்தபோதே அதன் மொத்தத் தடிமன் 3.5 மி.மீ. உள்ளே இருக்கும் மெஷின் 1.15 மி.மீ. பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாணத் துணி எடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கென்று அப்படியே வாங்கிப் போகக்கூடிய விலை. அதைவிடத் தடிமனான ஒரு ஸ்விஸ் ஆட்டோமேடிக்குக்குப் பத்து லட்சம், இருபது லட்சம் என்றால், எதற்கு அந்தப் பணம்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். மெலிவதால் ஒரு ஆட்டோமேடிக் வாட்ச் நேரத்தை நன்றாகக் காட்டுவதில்லை. பல விஷயங்களில் அது பலவீனமாகிறது. குறைத்த ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் வேறு எங்கோ ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலைச் சமாளிக்கும் கைவேலைக்கும், அப்புறம் டயலில் இருக்கும் பெயருக்கும்தான் பணம்.

போட்டி ஒன்றில்லை, மூன்று

கடைக்காரர்கள் பேச்சில் வாட்ச் மூன்று வகை.

1. செல் வாட்ச். பேட்டரி தரும் மின்சாரத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். ஒரு சிறு மோட்டார் முள்ளை நகர்த்தும். சக்தியைச் சேர்த்து வைக்க ஸ்பிரிங் வேண்டாம், கனமான பாகம் எதுவும் வேண்டாம். டைட்டன் எட்ஜ் இந்த வகை. 1979-இல் ஸ்விஸ்காரர்கள் ‘டெலிரியம்’ என்று 1.98 மி.மீ. வாட்ச் ஒன்றைச் செய்தார்களே, அதுவும் இதே வகைதான்.

2. சாவி கொடுக்கும் வாட்ச். தினம் காலையில் சாவியைத் திருகினால் உள்ளே மெயின் ஸ்பிரிங் இறுகும். அது மெல்ல அவிழ்ந்து பல்சக்கரங்களை ஓட்டும். எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துச் சாவி கொடுக்கும் அப்பாவைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மேலே சொன்ன 2, 1.80, 1.75, 1.70, 1.65 எல்லாம் இந்த வகைச் சாதனைகள்.

3. ஆட்டோமேடிக். இரண்டாவது வகையேதான், கூடவே கை அசையும்போது தானாகச் சாவி ஏற்றிக்கொள்ள ஒரு ரோட்டர். 5.15-உம் 3.95-உம் இந்த வகை.

இன்னொரு பிரிவும் உண்டு. சில அறிவிப்புகள் மெஷின் தடிமனைச் சொல்லும், சில கேஸ் தடிமனைச் சொல்லும். மெஷின் என்றால் உள்ளே இருக்கும் இயக்கம் மட்டும். கேஸ் என்றால் கண்ணாடி, முள், டயல், பின்மூடி எல்லாம் சேர்ந்து கையில் தெரிகிற உயரம். 2017-இன் புல்காரி ஆக்டோ ஃபினிசிமோ ஆட்டோமேடிக்கில் மெஷின் 2.23 மி.மீ., வாட்ச் 5.15 மி.மீ. இரண்டு எண்ணும் சரி. விளம்பரத்தில் எந்த எண் பெரிய எழுத்தில் வருகிறது என்பது விற்பவரின் வசதி.

போகிற போக்கில்: 2022 டிசம்பரில் தமிழ்நாட்டு டீக்கடை முழுக்கப் பேசிய, பா.ஜ.க. அண்ணாமலை கட்டிய ரஃபேல் வாட்ச் இந்தப் பந்தயத்துக்கே வராது. அது குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியும் சேர்ந்த ஆட்டோமேடிக். அந்த வகை மெஷின் பருமனாகத்தான் இருக்கும். பல கம்பெனிகள் பயன்படுத்தும் வால்ஜூ 7750 என்ற குரோனோகிராஃப் மெஷின் மட்டுமே 7.9 மி.மீ.

பின்மூடியைத் திறந்தால்

வாட்ச் ரிப்பேர் மேஜையில் ஒரு சாதாரண ஆட்டோமேடிக்கைக் கவிழ்த்து மூடியை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அரைவட்டத் தகடு ஒன்று. நடுவில் ஒரே ஒரு இடத்தில் பிடிமானம். வெளி ஓரம் மட்டும் தடித்துக் கனமாக இருக்கும். வாட்ச்சைச் சாய்த்தால் கனமான பக்கம் கீழே இறங்கும். அந்தத் தகடுதான் ரோட்டர். ரொம்ப நாள் உழைத்த வாட்ச்சாக இருந்தால் பின்மூடியின் உட்புறத்தில் வட்டமாக ஒரு உராய்ந்த கோடு தெரியும். பிடிமானம் தேய்ந்து ரோட்டரின் விளிம்பு தொங்கி மூடியைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். விரலால் விளிம்பை லேசாக அழுத்தினாலே ஆட்டம் தெரியும். மெல்லிய ஆட்டோமேடிக்கின் கதை முழுக்க இந்த ஆட்டத்தைச் சுற்றியதுதான்.

ரோட்டரைக் கழற்றினால் கீழே ஆட்டோமேடிக் பகுதி: ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங்கை ஒரே பக்கம் இறுக்குவதற்கான சின்னச் சக்கரங்கள். அதற்குக் கீழே பிரிட்ஜ் என்ற தகடுகள். அதற்கும் கீழே மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் பேரல், பல்சக்கர வரிசை, மூச்சு விடுவதுபோல் சுருங்கி விரியும் ஹேர் ஸ்பிரிங்கோடு, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல். இவற்றையெல்லாம் தாங்கும் அடித்தகடு. அடித்தகட்டின் மறுபக்கம் தேதிச் சக்கரம், அப்புறம் டயல்.

ஆக, டிபன் கேரியர் மாதிரி அடுக்கு மேல் அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே உரசாமல் இருக்க இடைவெளி வேறு விட வேண்டும். இந்த அடுக்குகளின் கூட்டுத்தொகைதான் மெஷின் தடிமன்.

பழகிய மெஷின்களின் அளவுகளைப் பார்த்துக்கொள்வது நல்லது. மலிவு ஆட்டோமேடிக்குகளில் பரவலாக இருக்கும் சீக்கோவின் என்.எச். 35 மெஷின் 5.32 மி.மீ. ஸ்விஸ் நடுத்தர வாட்ச்களின் உழைப்பாளியான ஈட்டா 2824 மெஷின் 4.6. அதன் ஒல்லி அண்ணன் 2892 மெஷின் 3.6. பொதுவாக 3 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால்தான் மெல்லிய ஆட்டோமேடிக் என்று துறைக்காரர்கள் பேசத் தொடங்குவார்கள்.

ரோட்டரை எங்கே ஒளித்து வைப்பது?

சாவி வாட்ச்சை மெலிய வைப்பது ஓரளவு சுலபம். ஆட்டோமேடிக்கில் தலைமேல் ரோட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதை மெலிய வைத்தால் கனம் போகும். கனம் போனால் ஸ்பிரிங்கை இறுக்கும் பலம் போகும். இந்த முடிச்சை அவிழ்க்க அறுபது எழுபது வருடங்களில் மூன்று வழிகள் உருவாகியிருக்கின்றன.

முதல் வழி, ரோட்டரை மேலேயே வைத்துக்கொண்டு சன்னமாக்குவது. இதில் இன்றுவரை பேசப்படுவது 1967-இல் வந்த ஜேகர்-லகூல்த்ர் 920 மெஷின். தேதி இல்லாமல் 2.45 மி.மீ., தேதியோடு 3.05 மி.மீ. முழு அளவு ரோட்டரோடு இந்த அளவுக்கு இறங்கியது அசாத்தியம். எப்படி முடிந்தது? நடுவில் மட்டும் பிடித்த ரோட்டரின் விளிம்பு தொங்கும் என்று பார்த்தோம். தொங்குவதற்கு இடம் விட்டால் தடிமன் கூடும். அதனால் ரோட்டரின் அடியில் ஒரு வளையத் தண்டவாளம் கொடுத்து, அது மாணிக்கக் கல் உருளைகள் மேல் ஓடும்படி செய்தார்கள். விளிம்பே தாங்கப்படுவதால் தொங்குவதற்கென்று தனி இடம் விட வேண்டிய அவசியம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், இதைச் செய்த ஜேகர்-லகூல்த்ர் தன் சொந்த வாட்ச் எதிலும் இதைப் போட்டதே இல்லை. ஆடமார் பிகேவின் ராயல் ஓக் 1972-இலும், படெக் பிலிப்பின் நாட்டிலஸ் 1976-இலும், வஷெரோன் கான்ஸ்டன்டினின் 222 என்ற வாட்ச் 1977-இலும் வந்தன. இன்று ஏலத்தில் தலைசுற்றும் விலைக்குப் போகிற இந்த மூன்றின் உள்ளேயும் ஆரம்பத்தில் இருந்தது இந்த ஒரே மெஷின்தான், வெவ்வேறு பெயரில்.

இரண்டாவது வழி மைக்ரோ ரோட்டர். ரோட்டரைச் சின்னதாக்கி, மற்ற சக்கரங்கள் இருக்கும் அதே தளத்தில் ஒரு மூலையில் புதைத்துவிடுவது. மேல் அடுக்கே காலி. 1950-களின் நடுவில் ப்யூரன், யூனிவர்சல் ஜெனிவ் என்ற இரண்டு ஸ்விஸ் கம்பெனிகள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இதைப் பிடித்தன. 1960-இல் பியாஜேவின் 12பி மெஷின் இதே முறையில் 2.3 மில்லிமீட்டருக்கு இறங்கியது. படெக் பிலிப்பின் 240 மெஷின் 1977-இலிருந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது, அது 2.53 மி.மீ.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். ரோட்டரின் ஆரத்தைப் பாதியாக்குங்கள், தடிமனை மாற்ற வேண்டாம். பரப்பு கால்வாசியாகும், எடையும் கால்வாசி. எடை செயல்படும் தூரம் பாதி. ஆக ஸ்பிரிங்கை இறுக்கும் திருப்புவிசை எட்டில் ஒன்று. இந்த இழப்பை எப்படி ஈடுகட்டுவது? கனமான உலோகம். பித்தளையின் அடர்த்தி சுமார் 8.5, தங்கம் 19.3, பிளாட்டினம் 21.4. பித்தளைக்குப் பதில் பிளாட்டினம் போட்டால் இரண்டரை மடங்கு கிடைக்கும். புதைத்து வைத்திருப்பதால் ரோட்டரை இரண்டு மடங்கு தடிமனாகவும் செய்யலாம். இரண்டும் சேர்ந்து எட்டில் ஐந்து வரை மீளும். மீதியை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். நிஜ ரோட்டர்களில் விளிம்புக்கு மட்டும் கனம் கூட்டுவதால் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு இதுதான்.

சௌகார்பேட்டையில் 22 காரட்டைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. படெக் 240-இன் மைக்ரோ ரோட்டரும் 22 காரட்தான், பியாஜே 12பி-யில் 24 காரட். பார்க்கிறவர்கள் பகட்டு என்று நினைப்பார்கள். அந்த இடத்தில் தங்கம் வந்தது எடைக்காக.

மூன்றாவது வழி, ரோட்டரை வளையமாக்கி மெஷினின் வெளிச்சுற்றில் ஓட விடுவது. மேலேயும் இல்லை, மூலையிலும் இல்லை. மையத்திலிருந்து தூரம் அதிகம் என்பதால் மெல்லிய வளையத்துக்கே நல்ல திருப்புவிசை கிடைக்கும். இது புதுசு மாதிரி விளம்பரப்படுத்தப்படுகிறது, ஆனால் எச்.எம்.டி.க்குத் தொழில்நுட்பம் கொடுத்த ஜப்பானின் சிட்டிசன் 1961-லேயே ‘ஜெட்’ என்ற வாட்ச்சில் வளைய ரோட்டர் வைத்தது. 2018-இன் 3.95 மி.மீ. புல்காரியும் அதே வருடத்தின் 4.3 மி.மீ. பியாஜே ஆல்டிபிளானோவும் இந்த வழியைப் பிடித்தவைதான். அந்தப் புல்காரியின் மெஷின் 1.95 மி.மீ.

மெலிகிறதா, பரவுகிறதா?

புல்காரியின் 2.23 மி.மீ. மெஷினின் விட்டம் 36.6 மி.மீ. சாதாரண ஈட்டா 2824 மெஷின் 4.6 மி.மீ. தடிமன், 25.6 மி.மீ. விட்டம். இரண்டையும் உருளையாக வைத்துக் கன அளவைப் பெருக்கிப் பாருங்கள். முதலாவது சுமார் 2,350 கன மில்லிமீட்டர். இரண்டாவது சுமார் 2,370. ஒரு சதவீத வித்தியாசம்.

உயரத்தில் மிச்சம் பிடித்த இடத்தை அகலத்தில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் இந்த மெல்லிய வாட்ச்சின் கேஸ் 40 மில்லிமீட்டர் அகலத்தில் வருகிறது, மெல்லிய மணிக்கட்டுக்காரர்களுக்குத் தட்டு கட்டினதுபோல் தெரிகிறது. மறுபக்கம், அகலம் கிடைத்ததால் பேரலையும் அகலமாக்கி நீளமான மெயின் ஸ்பிரிங் போட முடிகிறது. ஈட்டா மெஷின் ஒரு முழுச் சாவியில் சுமார் 38 மணி நேரம் ஓடும். புல்காரியுடையது 60 மணி நேரம்.

ஆனால் பழைய பாணி மெல்லிய மெஷின்களுக்கு இந்த அகலச் சலுகை இல்லை. 33, 34 மில்லிமீட்டர் வாட்ச்தான் அன்றைய கண்ணியமான அளவு. அதனால் அவர்கள் சக்தியைத்தான் குறைத்தார்கள். மெயின் ஸ்பிரிங் தருகிற திருப்புவிசை அந்தப் பட்டையின் உயரத்துக்கு நேர் விகிதம். உயரத்தைப் பாதியாக்கினால் விசையும் பாதி. குறைந்த விசைக்கு ஏற்ற மாதிரி பேலன்ஸ் வீலையும் மெதுவாக ஆட விட வேண்டும்.

லசால்: எல்லை தாண்டிய மெஷின்

1970-களின் இறுதியில் பூஷே-லசால் என்ற சிறிய கம்பெனி ஒரு ஆட்டோமேடிக் மெஷினை 2.08 மில்லிமீட்டரில் செய்தது. சாவி வாட்ச்சுக்கான மெஷின் 1.2 மி.மீ. வழியும் துணிச்சலானது. சக்கரங்களின் மேல்முனையைப் பிடிக்கும் பிரிட்ஜ்களையே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு சக்கரமும் ஒரு பக்கம் மட்டும் சின்ன பால் பேரிங்கில் நிற்கும், மறுமுனை அந்தரத்தில்.

ஒரு அடுக்கு முழுதாக மிச்சம். ஆனால் ஒரே பக்கம் பிடித்த சக்கரம் லேசாகச் சாய்ந்தாலும் பற்கள் சரியாகக் கவ்வாது. சர்வீஸ் செய்வது தலைவலி. பல இடங்களில் ரிப்பேர் செய்வதைவிட மெஷினையே மாற்றுவது மேல் என்றானது. கம்பெனி நிலைக்கவில்லை, மெஷின் மட்டும் பியாஜே வாட்ச்களில் 25பி என்ற பெயரில் கொஞ்ச காலம் ஓடியது.

இந்த மெஷினை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் 2017-இன் ‘மிக மெல்லிய ஆட்டோமேடிக் மெஷின்’ என்ற அறிவிப்பும் தெளிவாகும். 2.23 என்பது 2.08-ஐவிடத் தடிமன். அன்று உற்பத்தியில் இருந்தவற்றில் மெல்லியது என்று படிக்க வேண்டும்.

கையில் கட்டினால் என்ன ஆகும்?

1. வளைவு. தகடு மெலியும்போது விறைப்பு மிக வேகமாகக் குறையும். பின்மூடி மணிக்கட்டில் அழுந்துவதே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அசைவைத் தரலாம், இடைவெளியே அந்த அளவுதான் என்றால் உரசல் தொடங்கும். ஸ்ட்ராப்பை இறுக்கிக் கட்டாதீர்கள் என்று சொல்வது ஸ்டைலுக்காக இல்லை.

2. அதிர்ச்சி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவரின் கைக்கு இந்த வகை வாட்ச் பொருந்தாது. ரோட்டர் பிளாட்டினமாக இருந்தால் இன்னும் மோசம்: கனமான பாகம், மெல்லிய பிடிமானம், தொடர்ந்த குலுக்கல்.

3. தண்ணீரும் உப்புக்காற்றும். பின்மூடியைத் திருகி மூட வேண்டுமென்றால் மரை வெட்ட உயரம் வேண்டும். அந்த உயரம் இல்லாததால் மெல்லிய வாட்ச்களில் பெரும்பாலும் சின்ன ஸ்க்ரூ போட்டோ அழுத்தியோ மூடுகிறார்கள், ரப்பர் வளையமும் சன்னம். 30 மீட்டர் என்று எழுதியிருப்பது ஆய்வகத்தில் கொடுத்த நிலையான அழுத்தம். 30 மீட்டர் ஆழத்துக்குக் குதிக்கலாம் என்ற அனுமதிச் சீட்டு இல்லை. கைகழுவினால், மழையில் நனைந்தால் தாங்கும். காசிமேட்டிலோ திருவொற்றியூர் கடற்கரை ஓரத்திலோ தினமும் புழங்குகிறவருக்கு மே மாத வியர்வையும் உப்பும் சேர்ந்து ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். விதிவிலக்கும் இருக்கிறது: ஆக்டோ ஃபினிசிமோவின் ஸ்டீல் வகையை 2020-இல் 100 மீட்டருக்கு உயர்த்தினார்கள். அதற்காகக் கேஸைக் கொஞ்சம் தடித்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

4. உட்கார்ந்த வேலை. கல்லாவில், கணினி முன்னால் நாள் முழுக்க அமர்ந்திருப்பவரின் கை அசைவு மைக்ரோ ரோட்டருக்குப் போதாமல் போகலாம். படெக் 240 போன்றவை ரோட்டர் ஒரு திசையில் சுற்றும்போது மட்டும்தான் ஏற்றிக்கொள்ளும், அடுக்கைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. காலையில் கிரௌனை, அதாவது ஓரத்தில் இருக்கும் சாவியைத் திருகி நாமே கொஞ்சம் ஏற்றிவிடுவது நல்ல பழக்கம்.

5. சர்வீஸ். எண்ணெய் ஒரு துளி கூடினாலும் பக்கத்து அடுக்குக்குப் பரவும். ரிப்பேர்காரர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், உதிரிபாகத்தை வெளியே கொடுக்காத கம்பெனி என்றால் அவரால் செய்ய முடிவது குறைவு.

நேரத் துல்லியத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்விஸ் துல்லியச் சான்றான காஸ்க் பெற்ற மெக்கானிக்கல் மெஷினுக்கு நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம். சாதாரண செல் வாட்ச் மாதத்துக்கே 15 விநாடி அளவில்தான் தவறும். மணி பார்ப்பதற்காக மட்டும் என்றால் விவாதமே இல்லை, டைட்டன் போதும்.

தடிமனைக் கூட்டிய ஆடமார் பிகே

இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2022-இல் நடந்தது. ராயல் ஓக்கின் ஐம்பதாவது வருடம். ‘ஜம்போ’ என்று அழைக்கப்படும் அசல் வடிவத்தில் ஐம்பது வருடமாக இருந்த 920 வம்சத்து மெஷினை ஆடமார் பிகே ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, 7121 என்ற புதிய மெஷினைப் போட்டது. பழையது 3.05 மி.மீ. புதியது 3.2 மி.மீ. உலகமே மெலிந்துகொண்டிருந்த வருடத்தில் இவர்கள் 0.15 மில்லிமீட்டர் கூட்டினார்கள்.

அந்த 0.15-க்கு என்ன கிடைத்தது? ஓட்டம் 40 மணி நேரத்திலிருந்து 55 ஆனது. பேலன்ஸ் வீலின் அதிர்வு மணிக்கு 19,800-லிருந்து 28,800 ஆனது. வேகமாக ஆடும் வீலைக் கைக்குலுக்கல் அவ்வளவு சுலபமாகத் தடுமாற வைக்காது. தேதியை கிரௌனால் நேரடியாக மாற்ற முடிந்தது. பழைய மெஷினில் நள்ளிரவைத் தாண்டி முள்ளைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் தேதி மாற்ற வேண்டும், இத்தனை விலை கொடுத்தவருக்கு அது ஒரு தண்டனை. கேஸின் தடிமனோ பழைய 8.1 மில்லிமீட்டரிலேயே நின்றது. கையில் கட்டியவருக்கு வித்தியாசம் தெரியாது.

சாதனைப் போட்டியில் இருக்கும் கம்பெனி ஒரு விதமாக யோசிக்கும், தினமும் கட்டுகிற வாட்ச் விற்கும் கம்பெனி வேறு விதமாக யோசிக்கும். வாங்குகிறவர்கள் தாங்கள் எந்தக் கூட்டத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கடைக்குள் போவது நல்லது.

பணம் எதற்கு?

இந்தத் தடிமனில் பாகங்களை அச்சடித்துப் பூட்ட முடியாது. ஒவ்வொரு சக்கரத்தின் மேல் கீழ் ஆட்டத்தையும் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சரிசெய்து, திரும்பக் கழற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். பிழைக்கு இடமில்லாததால் கழித்துக்கட்டும் பாகங்களும் அதிகம். உற்பத்தி எண்ணிக்கை குறைவு. இது நியாயமான செலவு. ஆனால் லட்சங்களில் பெரும்பங்கு பெயருக்கும், வேண்டுமென்றே குறைவாக விடும் எண்ணிக்கைக்கும் போகிறது என்பதை மறைக்கத் தேவையில்லை.

வரியும் சேரும். ஸ்விட்சர்லாந்து இருக்கும் எஃப்டா கூட்டமைப்போடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்விஸ் வாட்ச்களின் சுங்கவரி அதன்படி படிப்படியாகத்தான் இறங்கும், ஒரே நாளில் மறையாது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீத டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்துக் கட்டும் வரி) பிடிக்கிறார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

ஃபர்ஸ்ட் காப்பியும் வெர்னியர் காலிப்பரும்

கஸ்டம்ஸ் ஹவுஸும் பர்மா பஜாரும் ஒரே ராஜாஜி சாலையில் இருப்பது சென்னையின் நகைச்சுவை உணர்வு. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக 1960-களின் இறுதியில் உருவான அந்தக் கடைவரிசையில் வெளிநாட்டு வாட்ச் என்பது ஒரு காலத்தின் கனவு. இன்று ஃபர்ஸ்ட் காப்பி என்ற சொல் பஜாரைவிட போனில் வரும் ரீல்களில்தான் அதிகம் கேட்கிறது. ‘ஒரிஜினல் ஆட்டோமேடிக் மெஷின் அண்ணா, பின்னாடி கண்ணாடி, ஓடுறது தெரியும் பாருங்க’ என்பார்கள். ஆட்டோமேடிக் என்பது பொய்யாக இருக்காது. எந்த ஆட்டோமேடிக் என்பதுதான் கேள்வி.

பெயர், டயல், ஸ்ட்ராப் எல்லாவற்றையும் நகலெடுக்கலாம். தடிமனை நகலெடுப்பது கஷ்டம், ஏனென்றால் அதற்கு அந்த மெஷினையே செய்தாக வேண்டும். நகல்காரருக்கு மலிவாகக் கிடைப்பது 4, 5 மில்லிமீட்டர் மெஷின்கள். அதனால் பழைய மெல்லிய வாட்ச் ஒன்றை யாராவது நீட்டினால்:

1. கம்பெனி சொல்லும் கேஸ் தடிமனை முதலில் தெரிந்துகொண்டு, டிஜிட்டல் வெர்னியரால் கண்ணாடி முதல் பின்மூடி வரை அளந்து பாருங்கள். சில நூறு ரூபாய்க் கருவி. 8.1 இருக்க வேண்டிய இடத்தில் 9-ஐத் தாண்டினால் பேச்சை அங்கேயே முடிக்கலாம்.

2. தடிமன் சரியாக இருந்து விநாடி முள் விநாடிக்கு ஒரு முறை குதித்தால், உள்ளே செல் மெஷின். மெக்கானிக்கல் முள் வழுக்கிக்கொண்டு போகும். விநாடி முள்ளே இல்லாத டிசைன் என்றால் காதில் வைத்துக் கேளுங்கள், அல்லது பின்கண்ணாடியில் பேலன்ஸ் வீல் ஆடுகிறதா என்று பாருங்கள்.

3. பின்கண்ணாடி வழியே மைக்ரோ ரோட்டர் தெரிந்தால் அது சுற்றியுள்ள தகடுகளோடு ஒரே மட்டத்தில் புதைந்திருக்கிறதா, இல்லை தகட்டின் மேல் ஏறி நிற்கிறதா என்று சாய்த்துப் பார்க்கவும். மேலே ஏறி நின்றால் அலங்காரம். புதைந்திருந்தால் மட்டும் ஒரிஜினல் என்றும் சொல்லிவிட முடியாது, சீனாவிலும் மைக்ரோ ரோட்டர் மெஷின்கள் தயாராகின்றன.

4. விலை பேசும் இடத்திலேயே யாரும் பின்மூடியைத் திறக்க விடாதீர்கள். திறக்க வேண்டுமென்றால் அந்த பிராண்டின் சர்வீஸ் மையத்தில், அல்லது மெல்லிய மெஷின் கைப்பட்ட ரிப்பேர்காரரிடம்.

5. கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, எங்கே, ரசீது உண்டா என்று கேளுங்கள். ரசீது இல்லையென்றால் முழு சர்வீஸுக்கான தொகையை அந்த மையத்தில் விசாரித்து, அதைக் கழித்துவிட்டு விலையைத் தொடங்குங்கள்.